1939-ல் நான் நிறுத்திய கதை

கமலா சோஹோனியின் வாழ்க்கையைப் பல ஆண்டுகள் மேடைதோறும் சொல்லி வந்தவள் நான். ஒருமுறைகூட முழுதாகச் சொன்னதில்லை. 1939-ல் அவர் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்குகிற இடத்தில் நிறுத்திவிடுவேன். அதற்குப் பிறகு அவர் வாழ்ந்த நீண்ட வாழ்க்கையை ஒரே வரியில் தள்ளிவிட்டு, கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்குவேன். நேரம் போதவில்லை என்று சமாதானம் சொல்ல மாட்டேன். அந்த மீதி வாழ்க்கையை நான் மதிக்கவில்லை. கல்யாணம், பிள்ளைகள், பதநீர், பருப்பு, கலப்படச் சோதனை என்று அது போனதை ஒரு விஞ்ஞானியின் இறக்கமாகவே எண்ணினேன்.

அந்த எண்ணம் மேடையோடு நிற்கவில்லை. என் ஆய்வகத்துக்குள்ளும் வந்தது. தகுதியுள்ள ஒரு பெண்ணை வாசலிலேயே திருப்பி அனுப்பியது. அதை இங்கே எழுதி வைக்கிறேன். எழுதுவதால் அவளுக்கு எதுவும் திரும்பக் கிடைக்காது. ஆனால் நான் உட்கார்ந்த நாற்காலியில் இன்று வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் படிக்க வேண்டும்.

நான் ஓய்வு பெற்ற உயிர்வேதியியல் பேராசிரியை. என் முனைவர் பட்ட ஆய்வு, பயறு வகைகளில் இருக்கும் டிரிப்சின் தடுப்பான்களைப் பற்றியது. நாம் உண்ணும் புரதத்தைச் சிறுகுடலில் உடைக்கும் நொதி டிரிப்சின். பயறு, மொச்சை போன்றவற்றில் அந்த நொதியை வேலை செய்யவிடாமல் பிடித்துக்கொள்ளும் சில புரதங்கள் உண்டு. அவற்றைத்தான் தடுப்பான்கள் என்கிறோம். இந்தத் துறைக்குள் வருகிற யாரும் 'கே. சோஹோனி' என்ற பெயரைத் தாண்டிப் போக முடியாது. மொச்சையிலிருந்தும் டபுள் பீன்ஸிலிருந்தும் அந்தத் தடுப்பான்களைப் படிகமாகப் பிரித்தெடுத்ததை அவரும் கே.எஸ். அம்பேயும் 1955-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். என் ஆய்வேட்டின் மேற்கோள் பட்டியலில் அந்தப் பெயரை நானே எழுதிச் சேர்த்தேன். அவர் ஓர் ஆண் என்றுதான் நினைத்திருந்தேன். வேறு விதமாக இருக்கக்கூடும் என்று, பெண்ணாக இருந்தும், எனக்குத் தோன்றவே இல்லை.

அது கமலா என்று பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. தெரிந்ததும் அவரைக் கொண்டாடத் தொடங்கினேன். ஒவ்வொரு பிப்ரவரி 28-ம் தேசிய அறிவியல் நாள். சர் சி.வி. ராமன் 1928-ல் தன் கண்டுபிடிப்பைச் செய்த நாள் அது. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் என்னைப் பேசக் கூப்பிடுவார்கள். அன்றைக்கு நான் சொல்லும் கதை இப்படிப் போகும்.

இந்தூரில் 1911-ல் பிறந்தவர் கமலா பாகவத். அப்பா நாராயணராவும் அவருடைய சகோதரர் மாதவராவும் வேதியியல் படித்தவர்கள். பெங்களூரின் டாட்டா நிறுவனத்தில், அதாவது இன்றைய இந்திய அறிவியல் நிறுவனத்தில், பயின்றவர்கள். அந்த வழியிலேயே போக விரும்பிய கமலா, 1933-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் இளம் அறிவியல் பட்டம் பெற்றதும் அங்கே விண்ணப்பித்தார். இயக்குநராக இருந்தவர் ராமன். பெண்களை எடுப்பதில்லை என்று மறுத்துவிட்டார். கமலா விடவில்லை. காரணம் கேட்டு அவருடைய அலுவலக வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தார். கடைசியில் ராமன் நிபந்தனைகளோடு இறங்கி வந்தார்: முதல் ஆண்டு முறையான மாணவியாக ஏற்க மாட்டோம், வேலையில் நிறைவு ஏற்பட்டால்தான் அங்கீகாரம், வழிகாட்டி சொன்னால் இரவு எந்நேரமும் வேலை செய்ய வேண்டும், ஆண் மாணவர்களின் கவனத்தைக் கெடுக்கக் கூடாது. கமலா எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டு உள்ளே போனார். அந்த அவமானத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை என்பதை முதுமையில் வெளிப்படையாகவே சொன்னார். ஸ்ரீனிவாசய்யா என்ற கண்டிப்பான, நல்ல ஆசிரியரின் கீழ் பாலிலும் பருப்பிலும் உள்ள புரதங்களை ஆராய்ந்தார். 1936-ல் முதுநிலைப் பட்டம். முதல் ஆண்டு முடிந்தபோதே ராமன் மனம் மாறியிருந்தார். அதன் பிறகு அந்த நிறுவனத்தில் பெண்களுக்கு இடம் கிடைத்தது.

பிறகு கேம்பிரிட்ஜ். நோபல் பரிசு பெற்ற பிரெடரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸின் துறை. ராபின் ஹில்லோடு தாவரத் திசுக்களை ஆராயும்போது, உருளைக்கிழங்கில் 'சைட்டோகுரோம் சி' இருப்பதைக் கண்டறிந்தார். உயிரணு ஆற்றல் பெறும் பாதையில் எலெக்ட்ரான்களைக் கைமாற்றிவிடும் புரதம் அது. நாற்பது பக்க அளவில் ஒரு சிறிய ஆய்வேடு. 1939-ல் பட்டம். இந்த இடத்தில் என் குரல் உயரும். அரங்கம் எழுந்து நின்று தட்டும். நான் மேடையிலிருந்து இறங்கிவிடுவேன்.

'அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்' என்றும் சேர்த்துச் சொல்வேன். தலச்சேரியில் பிறந்து சென்னையில் படித்த ஜானகி அம்மாள், தாவரவியலில் 1931-லேயே மிச்சிகனில் முனைவர் பட்டம் வாங்கியிருந்தார். எனக்கு அது தெரியாமல் இல்லை. 'முதல்' என்ற சொல்லுக்குக் கிடைக்கும் கைதட்டல் வேறு சொல்லுக்குக் கிடைக்காது. அதனால் அதை விட மனம் வரவில்லை.

இனி என் ஆய்வகத்தில் நடந்தது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. மத்திய அரசின் நிதியில் எனக்கு ஓர் ஆய்வுத் திட்டம் கிடைத்திருந்தது. அதில் ஓர் இளநிலை ஆய்வாளர் பணியிடம். விண்ணப்பித்தவர்களில் ஒருத்தி என் பழைய மாணவி. எம்.எஸ்சி. படிக்கும்போதே புரதம் பிரிக்கும் வேலையில் அவளுக்கு இருந்த பொறுமையும் கைத்திறனும் எனக்கு நன்றாகத் தெரியும். பதிவேட்டில் ஒரு எண்ணைக்கூட அடித்துத் திருத்தியிருக்க மாட்டாள். தவறிய சோதனையையும் தவறியது என்றே எழுதி வைப்பாள். படிப்பு முடிந்ததும் கல்யாணம். கையில் ஒரு குழந்தை.

தேர்வுக் குழுவில் மற்ற இருவரும் ஆண்கள். அவர்கள் புரதத்தைப் பற்றிக் கேட்டார்கள்; நன்றாகப் பதில் சொன்னாள். வீட்டைப் பற்றிக் கேட்டது நான்.

"குழந்தைக்கு என்ன வயசும்மா?"

"ஒண்ணேகால் ஆகுது மேடம்."

"யாரு பாத்துக்குவா?"

"அத்தை வீட்டோடதான் இருக்காங்க மேடம். நான் பாத்துக்கறேன், நீ போம்மான்னு அவங்கதான் சொன்னாங்க."

"ராத்திரி இங்க சாம்பிள் ஓடிட்டிருக்கு. அந்த நேரம் குழந்தைக்குக் காய்ச்சல்னு போன் வருது. என்ன பண்ணுவ?"

கொஞ்சம் யோசித்தாள். "அப்ப எது அவசரமோ அதைப் பாப்பேன் மேடம். சாம்பிளை எப்படிக் காப்பாத்தி வைக்கிறதுன்னும் எனக்குத் தெரியும்" என்றாள்.

அது ஒரு விஞ்ஞானியின் பதில். இன்றைக்கு எனக்கு அது தெரிகிறது. அன்றைக்கு அதை ஈடுபாட்டின் குறையாக எடுத்துக்கொண்டேன். 'முழு நேரம் ஒதுக்க இயலாதவர்' என்று குறிப்பில் எழுதினேன். குழுவில் இருந்தவர்களில் ஒருவர், "உங்க மாணவிதானே, எடுத்துக்கலாமே" என்றுகூடச் சொன்னார். "அனுபவத்துல சொல்றேன் சார், சரிப்படாது" என்று நான்தான் மறுத்தேன்.

வேறொருவரை எடுத்தோம். நல்ல பையன். சிரத்தையாக வேலை செய்தான். திட்டம் ஒழுங்காக முடிந்தது. அதனாலேயே என் மனசு பல வருஷம் உறுத்தவில்லை. அவன் சேர்ந்து சில மாதங்கள் ஆனபோது, ஒருநாள் லட்டு டப்பாவோடு வந்தான். பெண் குழந்தைக்கு முதல் பிறந்தநாள் என்றான். எல்லாரும் எடுத்துக்கொண்டோம். நானும் வாழ்த்தினேன். நேர்முகத்தில் இவனிடம் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று அந்த லட்டைக் கையில் வைத்திருந்தபோதும் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த பிப்ரவரியில் வழக்கம்போல் மேடை ஏறினேன். ராமன் வாசலில் கமலா உட்கார்ந்த கதையைச் சொன்னேன். ராமன்கூடக் கமலாவுக்கு ஓராண்டு கொடுத்துப் பார்த்தார். வேலையைப் பார்த்துத் தன் முடிவை மாற்றிக்கொண்டார். நான் என் மாணவிக்கு ஒருநாள்கூடக் கொடுக்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகு, பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கமலாவைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதச் சொன்னார்கள். 1939 வரை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். பிறகு பேனா நின்றது. எனக்கு அதற்குமேல் தெரியாது. அவருடைய ஆய்வுக் கட்டுரைகளை மேற்கோள் காட்டிப் பட்டம் வாங்கிய எனக்கு, அவர் அந்த ஆய்வை எந்த ஊரில், எந்த வாழ்க்கைக்கு நடுவே செய்தார் என்று தெரியாது. அப்போதுதான் தேடிப் படித்தேன்.

நாடு திரும்பிய கமலா முதலில் டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் உயிர்வேதியியல் துறைத் தலைவரானார். அடுத்து நம் குன்னூருக்கு வந்தார். ராபர்ட் மெக்காரிசன் 1918-ல் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு பிரிவிலிருந்து வளர்ந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் அங்கே இருந்தது. 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருப்பது அதுதான். அதன் உதவி இயக்குநராக வைட்டமின்களைப் பற்றி வேலை செய்தார். நீலகிரியில் அப்படி ஒருவர் இருந்தார் என்பதைத் தமிழ்ப் பிள்ளைகளிடம் ஒருதடவையும் நான் சொன்னதில்லை. என் கதையில் குன்னூர் 1939-க்கு அந்தப் பக்கம் இருந்தது.

1947-ல் எம்.வி. சோஹோனியை மணந்து பம்பாய்க்குக் குடிபோனார். கணவர் காப்பீட்டுக் கணிதம் அறிந்தவர். இரண்டு மகன்கள். 'கல்யாணத்துக்காகக் குன்னூரை விட்டார்' என்று முன்பெல்லாம் இதை நான் வாசித்திருப்பேன். பம்பாயில் அவர் செய்ததை வாசித்த பிறகு என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. ராயல் இன்ஸ்டிட்யூட் ஆப் சயன்ஸில் உயிர்வேதியியல் அப்போதுதான் துளிர்த்த துறை. அங்கே மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, ஏழைகள் அன்றாடம் சாப்பிடுகிற பொருள்களையே ஆய்வு மேசைக்குக் கொண்டுவந்தார். பயறு, மொச்சை, அரிசி மாவு, பதநீர்.

மொச்சையை எடுத்துக்கொள்வோம். கறி, மீன், முட்டை வாங்க முடியாத வீட்டில் புரதம் வருவது பருப்பிலிருந்தும் பயற்றிலிருந்தும்தான். அதற்குள்ளேயே புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருளும் இருந்தால் என்ன ஆகும்? வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்டால் புரதத்தின் ஒரு பங்கு வீணாகப் போகும். நன்றாக வேகவைத்தால் அந்தத் தடுப்பான் பெரும்பாலும் செயலிழந்துவிடும். நம் பாட்டிமார் மொச்சையை இரவே ஊறவைத்து, மறுநாள் குழைய வேகவைத்ததற்குப் பின்னால் இருக்கும் வேதியியல் இதுதான். எந்தப் பயற்றில் எவ்வளவு தடுப்பான், அதன் இயல்பு என்ன என்று நம் நாட்டு உணவுப் பொருள்களில் தேடியவர்களில் முன்னோடி கமலா. அதைத்தான் நான் 'மேற்கோள் எண்' ஆக வைத்திருந்தேன். அந்த ஆய்வு ஒரு தாய்க்குப் பயன்படும் என்று என் ஆய்வேட்டின் முன்னுரையில்கூட எழுதியதில்லை.

பதநீர் இன்னொன்று. பனையிலும் ஈச்சையிலும் இறக்கும் சாறு வெயில் ஏறினால் புளித்துவிடும் என்பது நமக்கெல்லாம் தெரியும். புளிக்காத சாற்றை மக்கள் உணவாக்கலாமா என்று பார்க்கும்படி குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் சொன்ன யோசனையை ஏற்று, கமலா பல ஆண்டுகள் அதில் இறங்கினார். அதில் வைட்டமின் சி-யும் இரும்புச் சத்தும் கணிசமாக இருப்பதையும், வெல்லமாகக் காய்ச்சும்போதும் சத்து முழுதாக அழியாமல் நிற்பதையும் கண்டார். சத்துக்குறைவான ஆதிவாசிப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதைக் கொடுத்துப் பார்த்ததில் உடல்நிலை தேறியது. இந்த வேலைக்குத்தான் குடியரசுத் தலைவர் விருது கிடைத்தது. ஆரே பால் பண்ணைக்கும் தரத்தைப் பற்றி ஆலோசனை சொன்னார். நிறுவனத்தின் இயக்குநர் பதவி அவருக்குத் தாமதமாகத்தான் வந்தது. அந்தப் பொறுப்பிலிருந்து 1969-ல் ஓய்வு பெற்றார்.

ஓய்வு என்பது அவர் விஷயத்தில் பெயருக்குத்தான். 1966-ல் பம்பாயில் தொடங்கிய இந்திய நுகர்வோர் வழிகாட்டிச் சங்கத்தில் ஈடுபட்டு உழைத்தார். அதன் 'கீமத்' இதழில் நுகர்வோர் பாதுகாப்பைப் பற்றி எழுதினார். 1982-83-ல் சங்கத்தின் தலைவராக இருந்தார். நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1986-ல்தான். கடைக்காரர் கொடுப்பதை வாங்கிக்கொண்டு போவதே வழக்கமாக இருந்த காலத்தில், கேம்பிரிட்ஜில் கற்றதை மளிகைக் கடை வரை கொண்டுவந்தார். அவருடைய அக்கா துர்கா பாகவத், மராத்தியின் பெரும் எழுத்தாளர். 1975-ல் கராடில் நடந்த மராத்தி இலக்கிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, நெருக்கடி நிலையை எதிர்த்துப் பேசியவர். ஒரே வீட்டில் வளர்ந்த இருவரும் கற்றதைத் தங்கள் ஊருக்குக் கடனாகவே கருதியிருக்கிறார்கள். தொண்ணூறுகளின் இறுதியில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கமலாவை அழைத்துப் பாராட்டியது. அந்த விழாவிலேயே மயங்கி விழுந்தவர், விரைவில் காலமானார்.

இத்தனையும் படித்த பிறகுதான் என்னை நான் கேட்டுக்கொண்டேன்: இதை ஏன் இறக்கம் என்று நினைத்தாய்?

விடை என் வாழ்க்கையில் இருந்தது. நான் இரண்டு பிள்ளை பெற்றவள். ஆய்வு மாணவியாக இருந்த காலத்தில் வயிற்றில் பிள்ளை இருப்பதை முடிந்தவரை துறையில் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். பிள்ளைகளை என் அம்மா வளர்த்தார். பள்ளி விழா, காய்ச்சல், பெற்றோர் கூட்டம் எதற்கும் விடுப்பு எடுத்ததில்லை என்பது என் பெருமையாக இருந்தது. குடும்பம் இருப்பதை மறைத்துக்கொண்டால்தான் விஞ்ஞானி என்று மதிப்பார்கள் என்று யாரோ வகுத்த விதியை நான் மனப்பாடம் செய்துகொண்டேன். நான் கொடுத்த விலையை அடுத்தவளும் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன். தன் குழந்தையின் வயதை ஒளிக்காமல் சொன்ன ஒருத்தி எதிரே வந்து உட்கார்ந்தபோது எனக்குக் கோபம் வந்தது. பொறாமை என்று சொல்வதே சரி. அவளுடைய அத்தை 'போம்மா' என்று வாயாரச் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு அப்படிச் சொல்ல மாமியார் வீட்டில் ஆள் இல்லை. இதைத்தான் அன்று 'அனுபவம்' என்று பெயர் சொல்லிக் குழுவில் வைத்தேன்.

இதைக் காரணமாகச் சொல்கிறேன். மன்னிப்புக்கு உரிய காரணமாகச் சொல்லவில்லை. பட்ட கஷ்டம் யாருக்கும் அடுத்தவர் வழியை மறிக்கும் உரிமையைத் தராது.

அவளைத் தேடிப் போனேன். ஒரு சிறு ஊரில் தனியார் பள்ளியில் பிளஸ் டூ வேதியியல் ஆசிரியை. முகம் மலர வரவேற்றாள். காபி கொடுத்தாள். கல்லூரிக்குப் போகிற மகளை அழைத்து அறிமுகப்படுத்தினாள். நான் அன்று எழுதிய குறிப்பைச் சொன்னேன். தகுதி குறைவு என்று அவளை ஒதுக்கவில்லை, குழந்தையைக் காரணம் காட்டி ஒதுக்கியது நான்தான் என்பதையும் சொன்னேன்.

"தெரியும் மேடம். நீங்க கேட்ட விதத்துலயே தெரிஞ்சுடுச்சு" என்றாள். பிறகு, "வேற யாராவது சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். நீங்களே அப்படி நினைக்கிறீங்கன்னா நமக்கு ஆகாதுபோலன்னு விட்டுட்டேன். அப்புறம் எங்கயும் நான் ஆய்வுக்கு விண்ணப்பமே போடல மேடம்" என்றாள்.

ஒரு பணியிடத்தை மறுத்தேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நான் பறித்தது அதைவிடப் பெரிது. கமலாவுக்கு எதிரே இருந்தவர் மேல் கோபம் வந்தது. வாசலில் உட்கார முடிந்தது. என் மாணவிக்கு எதிரே இருந்தவள் அவள் நம்பிய ஆசிரியை. போராட முடியாதபடி அவள் கையைக் கட்டியது அந்த நம்பிக்கைதான். அவள் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது காலம் கொஞ்சம் மாறியிருக்கிறது. குடும்பத்துக்காக இடைவெளி விட்ட பெண் விஞ்ஞானிகள் திரும்பி வர, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002 வாக்கில் ஒரு திட்டம் தொடங்கியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிகள், முனைவர் பட்ட மாணவிகளுக்கு இரண்டு ஆண்டு கூடுதல் காலமும், 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் தந்தன. ஆனால் விதி எழுதுகிறவர் நேர்முக அறைக்குள் வருவதில்லை. அங்கே கேள்வி கேட்பவர் நாமே. எந்தக் கேள்வியை ஆணிடம் கேட்க மாட்டோமோ, அதைப் பெண்ணிடமும் கேட்கக் கூடாது. கேட்டே ஆக வேண்டுமென்றால், 'குழந்தை இருக்கு, நாங்க என்ன ஏற்பாடு பண்ணணும்?' என்று கேட்கலாம். என் பணிக்காலம் முழுவதிலும் நான் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

அந்தச் சிறு நூலைத் திருத்தி எழுதி முடித்துவிட்டேன். ராமனின் வாசலுக்கு அதில் ஒரு பக்கம். கேம்பிரிட்ஜுக்கு இன்னும் சில பக்கங்கள். மற்றதெல்லாம் குன்னூரும் மொச்சையும் பதநீரும் இரண்டு மகன்களும் பால் பண்ணையும் நுகர்வோர் சங்கமும்தான். மேடையிலும் இப்போது அப்படியே சொல்கிறேன். கைதட்டல் முன்னைவிடக் குறைவாகத்தான் வருகிறது. கேட்க உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகளில் ஒருத்திக்காவது, கல்யாணமும் குழந்தையும் ஊரும் விஞ்ஞான வாழ்க்கையின் உள்ளேயே இடம்பெறக்கூடியவை என்று பட்டால் போதும். என்னிடமிருந்து ஒருத்திக்கு அது கிடைக்காமல் போயிற்று. அதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது.